சந்துக்குள் ஒரு சாமி: நகரத்துச் சின்ன ஷிண்டோ கோயில்கள் – வாசகர் கேள்வி பதில்

வேலைக்கும் படிப்புக்கும் சுற்றிப் பார்க்கவும் ஜப்பான் போகிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைப் பற்றியவற்றை இந்த முறை எடுத்திருக்கிறோம். டோக்கியோ போன்ற நகரங்களில் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும், ஜப்பானின் சொந்த மதமான ஷிண்டோவின் சின்னக் கோயில்கள்தான் அந்தப் பொருள். பெரிய கோயில் என்றால் முன்னால் போகிறவரைப் பார்த்து அப்படியே செய்துவிடலாம். சின்னக் கோயிலில் பல நேரம் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். அதனால் முறை தெரிந்து போவது நல்லது.

கேள்வி: என் அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தில் சிவப்பு வாசல் வைத்த சிறிய இடம் ஒன்று இருக்கிறது. பூசாரி யாரையும் பார்த்ததே இல்லை. உள்ளே போகலாமா, தனியார் இடமா?

பதில்: தாராளமாகப் போகலாம். நீங்கள் சொல்லும் அந்த வாசலுக்குத் 'தோரி' என்று பெயர். இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குச் சட்டம், அவ்வளவுதான். கதவு கிடையாது. அதைத் தாண்டினால் சாமியின் இடம் என்பதற்கான எல்லைக்குறி அது. நுழைவுச் சீட்டு கிடையாது, நீங்கள் எந்த மதம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வளாகக் கதவு என்று ஒன்று இருந்து அது சாத்தியிருந்தாலோ குறுக்கே கயிறு கட்டியிருந்தாலோ மட்டும் திரும்பிவிடுங்கள். நிறுவனங்கள் தங்கள் வளாகத்துக்குள் வைத்திருக்கும் கோயில்களும் உண்டு, அவற்றுக்கு வெளியாட்கள் போக முடியாது.

பூசாரியைப் பார்க்காததில் வியப்பில்லை. பூசாரியை 'கன்னுஷி' என்பார்கள். ஒரே கன்னுஷி பல சின்னக் கோயில்களைச் சேர்த்துக் கவனிப்பது சாதாரணம். பெருக்குவது, விளக்குப் போடுவது எல்லாம் அந்தத் தெருக்காரர்கள் செய்வார்கள்.

தோரிக்கு முன்னால் ஒரு நொடி நின்று, தொப்பி இருந்தால் கழற்றி, லேசாகத் தலை குனிந்துவிட்டு நுழையுங்கள். பாதையின் நடுக்கோடு சாமி வரும் வழி என்று கருதுவதால் ஓரமாக நடப்பார்கள். மூன்றடி அகலச் சந்தில் ஓரம் எது, நடு எது என்று கவலைப்பட வேண்டாம். உடம்பைச் சற்று ஒதுக்கிக்கொண்டு போனால் போதும்.

கேள்வி: ஷிண்டோ கோயில் எது, புத்தர் கோயில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கைதட்டுவதில் தவறு செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பெயரின் வாலைப் பாருங்கள். ஜின்ஜா, ஜிங்கு, தாய்ஷா என்று முடிந்தால் ஷிண்டோ. ஜி, இன், தேரா என்று முடிந்தால் புத்தர் கோயில். ஜப்பானிய வரைபடங்களில் ஷிண்டோவுக்குத் தோரிச் சின்னமும் புத்தர் கோயிலுக்கு ஸ்வஸ்திகச் சின்னமும் போட்டிருப்பார்கள். முன்றிலில் ஊதுவத்தி புகையும் பெரிய சட்டி இருந்தால் அது புத்தர் கோயில். அங்கே கை தட்டக்கூடாது, கூப்பி வணங்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டோக்கியோ அகாசகாவில் உள்ள தொயொகாவா இனாரியில் தோரி உண்டு, வரிசையாக நரிச் சிலைகள் உண்டு, பெயரிலும் இனாரி என்ற ஷிண்டோ சாமி உண்டு. ஆனால் அது சோத்தோ பிரிவைச் சேர்ந்த ஜென் புத்தர் கோயில். அங்கே வணங்கப்படும் தாகினி தென்னின் பெயர் நம் 'டாகினி'யேதான். உயேனோ ஷினோபாசு குளத்தின் நடுவில் இருக்கும் பென்தென்தோவும் அப்படித்தான். அதில் குடியிருக்கும் பென்சாய்தென் நம் சரஸ்வதி, இடம் புத்தர் கோயில். 1868-இல் அரசு ஆணை போட்டு இரண்டையும் பிரிக்கும்வரை ஷிண்டோவும் பௌத்தமும் பல நூற்றாண்டு ஒரே வளாகத்தில் கலந்து கிடந்தன. அந்தக் கலப்பின் மிச்சங்களைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். சந்தேகம் வந்தால் தட்டாமல் கூப்பி வணங்குங்கள். எந்த இடத்திலும் அது பிழையாகாது.

கேள்வி: செருப்பைக் கழற்ற வேண்டாமா? வெளியே விட்டுப் போனேன், எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பதில்: கழற்ற வேண்டாம். முன்றில் முழுக்கக் காலணியோடுதான் நடப்பார்கள். சாமி கும்பிடுவதும் வெளியே, உண்டியலுக்கு முன்னால் நின்றுதான். சிறப்புப் பூஜைக்காக மண்டபத்துக்குள் ஏறும்போது மட்டும் கழற்றுவார்கள். அப்போது வெறுங்காலோடு ஏறுவது மரியாதைக் குறைவு, காலுறை இருக்க வேண்டும். பிரகாரம் சுற்றும் வழக்கமும் கிடையாது. பின்பக்கம் வழி இருந்தாலும் அது பெரும்பாலும் பராமரிப்புக்கான வழிதான்.

கேள்வி: வாசலில் கை கழுவும் தொட்டியும் நீண்ட கைப்பிடி அகப்பையும் இருக்கின்றன. சரியான முறை என்ன?

பதில்: அந்த இடம் 'தெமிசுயா'. முழுச் சடங்கையும் ஒரே அகப்பைத் தண்ணீரில் முடிக்க வேண்டும், இதுதான் கணக்கு. பிழைகள் எல்லாம் இந்த ஒன்றை மறப்பதால் வருகின்றன.

கைக்குட்டையை முதலிலேயே சட்டைப் பையின் மேலே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வலக் கையால் அகப்பையைப் பிடித்து நிறைய மொண்டு, தொட்டிக்கு வெளியே உள்ள கற்களின் மேல் நீட்டி, கால் பங்கு நீரை இடக் கையில் ஊற்றிக் கழுவுங்கள். அகப்பையை இடக் கைக்கு மாற்றி வலக் கையைக் கழுவுங்கள். திரும்ப வலக் கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையைக் குழித்து அதில் கொஞ்சம் ஊற்றி, அந்த நீரால் வாயைக் கொப்பளித்துக் காலடிப் பக்கம் தாழ்வாகத் துப்புங்கள். வாய் பட்ட இடக் கையை மறுபடி கழுவுங்கள். கடைசியில் அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மிச்ச நீர் கைப்பிடி வழியே வழிந்து, நீங்கள் பிடித்த இடத்தைக் கழுவிவிடும். அடுத்தவருக்காகச் செய்வது அது. பிறகு அகப்பையைக் கவிழ்த்து வையுங்கள்.

அரை அகப்பை மொண்டால் கைப்பிடி கழுவ நீர் மிஞ்சாது. மறுபடி மொள்ளப் பார்ப்பீர்கள். அகப்பையில் நேராக வாய் வைக்கக் கூடாது. கழுவிய நீர் தொட்டிக்குள் விழக் கூடாது. தாகத்துக்குக் குடிக்கும் நீரும் அல்ல அது, பல இடங்களில் குடிக்காதீர்கள் என்றே எழுதியிருக்கும்.

2020-க்குப் பிறகு நிறைய கோயில்களில் அகப்பையை எடுத்துவிட்டு மூங்கில் குழாயில் நீர் ஒழுகும்படி செய்திருக்கிறார்கள். அங்கே இடக் கை, வலக் கை என்று குழாயடியில் காட்டிக் கழுவினால் போதும். வாய் கொப்பளிப்பதை விட்டுவிடலாம். தொட்டி நிறையப் பூக்களை மிதக்க விட்டிருந்தால் அது பார்ப்பதற்கு, அதில் கை விடாதீர்கள். தொட்டியே இல்லாத சந்துக் கோயிலில் எதுவும் வேண்டாம், நேராகப் போய் வணங்கலாம்.

கேள்வி: குனிவது, தட்டுவது, மணி அடிப்பது – எது முதலில்?

பதில்: உண்டியலுக்கு முன் நின்று லேசாகக் குனியுங்கள். காசை உண்டியலில் போடுங்கள். வீசி எறியாமல், விளிம்பிலிருந்து நழுவ விடுங்கள். மணிக் கயிறு இருந்தால் ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு முறை அசையுங்கள். அடுத்து வருவதை 'நீ ரெய், நீ ஹாகுஷு, இச்சி ரெய்' என்பார்கள். இரண்டு குனிதல், இரண்டு தட்டல், ஒரு குனிதல்.

குனிதல் என்றால் இடுப்பிலிருந்து 90 பாகை. முதுகு நேராக இருக்க வேண்டும், கைகள் தொடையில் இறங்கி முழங்கால்வரை போகும். தலையை மட்டும் இரண்டு முறை ஆட்டுவது குனிதல் ஆகாது. பிறகு மார்புக்கு நேரே இரு கைகளையும் சேர்த்து, வலக் கையை ஒரு விரற்கணு அளவு கீழே இழுத்து, தோள் அகலத்துக்கு விரித்து இரண்டு முறை தட்டுங்கள். இப்படி நழுவவிட்டுத் தட்டினால் ஓசை தெளிவாக எழும். தட்டி முடித்ததும் விரல் நுனிகளைச் சமமாகச் சேர்த்து, அந்த நிலையில் மனதுக்குள் வேண்டிக்கொள்ளுங்கள். பலர் முதலில் தங்கள் பெயரையும் முகவரியையும் சொல்லி, நன்றி சொல்லி, அதற்கப்புறம்தான் வேண்டுதலுக்கு வருவார்கள். கையை இறக்கி, மறுபடி ஒருமுறை ஆழமாகக் குனிந்து முடியுங்கள்.

நம்மவர்களுக்கு வருகிற பிழை ஒன்றே ஒன்றுதான். சன்னிதி கண்டதும் கை தானாகக் கூம்பிவிடும், குனிதல் மறந்துபோகும். முதலில் குனிதல், பிறகுதான் கை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு இஸுமோ தாய்ஷா. அங்கே நான்கு தட்டல். டோக்கியோவில் அதன் கிளை ரொப்போங்கியில் ஒரு கட்டடத்துக்குள் இருக்கிறது, அங்கும் நான்குதான். பின்னால் வரிசை நின்றால் வேண்டுதலைச் சுருக்குங்கள், அல்லது ஓரமாக ஒதுங்கி நின்று தொடருங்கள். குடியிருப்புக்கு நடுவில் உள்ள கோயிலில் இரவில் மணியைத் தொடாதீர்கள்.

கேள்வி: 5 யென் போட்டால்தான் பலன் என்கிறார்களே? 10 யென் போடக் கூடாதாமே?

பதில்: எல்லாம் சொல் விளையாட்டு. 5 யென்னை 'கோ என்' என்று சொல்லும்போது, 'நல்ல உறவுப் பிணைப்பு' என்ற பொருளுள்ள சொல்லும் அதே ஓசையில் ஒலிக்கிறது. 10 யென்னைச் சொல்லும் 'தோ என்' என்பதற்கு 'எட்டிப்போன உறவு' என்றும் பொருள் வரும். அதனால் சிலர் 10-ஐத் தவிர்ப்பார்கள். கோயில்கள் அப்படி விதி எதுவும் வைக்கவில்லை.

காசைக் கண்டுபிடிப்பதில் குழப்பம் வருவதுண்டு. துளை உள்ள காசுகள் இரண்டு. வெள்ளி நிறத்தது 50 யென், பித்தளை நிறத்தது 5 யென். 5 யென் காசில் மட்டும் தொகை எண்ணாக இருக்காது, எழுத்தில் மட்டுமே இருக்கும். அதன் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வளைந்த நெற்கதிர், துளையைச் சுற்றிப் பற்சக்கரம், கீழே நீரலைக் கோடுகள். உழவு, தொழில், கடல் மூன்றும் 3.75 கிராமில் அடங்கியிருக்கின்றன.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். ஜப்பானில் நிறையச் சில்லறையை வங்கியில் கட்டினால் கட்டணம் பிடிப்பார்கள். 2022 ஜனவரி முதல் தபால் வங்கியிலும் அந்தக் கட்டணம் வந்துவிட்டது. சில்லறையாகவே உண்டியல் நிறைந்தால் எண்ணிக் கட்டுவதற்கே ஒரு பங்கு போய்விடும். கயிறு மாற்றவும் கூரை செப்பனிடவும் தெருக்காரர்கள் கையை எதிர்பார்க்கும் சின்னக் கோயிலில், கைப்பிடி 5 யென்னைவிட ஒரு 100 யென் காசு பெரிய உதவி.

கேள்வி: நரிச் சிலை வைத்து நரியையா கும்பிடுகிறார்கள்?

பதில்: இல்லை. நரி இனாரி சாமியின் தூதர். நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய சாமி இனாரி. நகரம் வளர வளர வியாபாரச் செழிப்புக்கும் அவரிடமே வேண்ட ஆரம்பித்தார்கள். அதனால்தான் கடைத்தெருக்களில் காணும் சின்னக் கோயில்களில் இனாரி அத்தனை அதிகம்.

அருகில் போய் நரியின் வாயைப் பாருங்கள். ஒன்று சாவியைக் கவ்வியிருக்கும், அது நெற்களஞ்சியத்தின் சாவி. இன்னொன்று உருண்டை மணியையோ சுருளையோ நெற்கதிரையோ வைத்திருக்கும். கழுத்தில் கட்டிய சிவப்புத் துணி பக்தர்கள் கட்டியது. வெயிலில் வெளுத்திருந்தால் பழையது, பளிச்சென்று இருந்தால் அண்மையில் யாரோ வந்து மாற்றியிருக்கிறார்கள். இனாரி அல்லாத கோயில்களில் சிங்கம்போல ஒரு சோடி இருக்கும், பெயர் கொமாயினு. ஒன்று வாய் திறந்து 'அ' சொல்ல, மற்றது வாய் மூடி 'உன்' சொல்லும். நம் ஓங்காரத்தின் தொடக்கமும் முடிவும்தான் பௌத்தத்தோடு பயணப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

நரிக்குப் பிடிக்கும் என்று எண்ணெயில் பொரித்த தோஃபுவைப் படைக்கும் வழக்கம் உண்டு. படைத்தால் கும்பிட்டு முடித்ததும் கையோடு எடுத்துப் போய்விடுங்கள். விட்டுப் போனால் காகம் இழுத்துச் சந்து முழுக்கச் சிதறும், சுத்தம் செய்வது பக்கத்து வீட்டுக்காரர்.

கேள்வி: என் மாமனார் காலமாகி மூன்று வாரம்தான் ஆகிறது. தீட்டு பார்ப்பார்களா? மாதவிலக்கு நாட்களில் போகலாமா?

பதில்: நெருங்கிய குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் அதிகபட்சம் 50 நாள் தோரியைத் தாண்டுவதில்லை என்பது ஷிண்டோ வழக்கம். உறவு எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்து நாள் குறையும். உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் அந்த வழக்கத்தை மதிக்க நினைத்தால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். தவிர்க்க முடியாத விசேஷம் என்றால் கோயிலில் சொல்லிக் கேட்கலாம், வழி சொல்வார்கள். புத்தர் கோயிலுக்கு இந்தத் தடை கிடையாது. மாதவிலக்கை இன்று நகரத்துக் கோயில்களில் பொதுவாக யாரும் பார்ப்பதில்லை, போகலாம்.

கேள்வி: நம் பெயர் சொல்லி அர்ச்சனை செய்வதுபோல அங்கே உண்டா?

பதில்: உண்டு, 'கிதோ' என்பார்கள். அலுவலகச் சாளரத்தில் படிவம் வாங்கிப் பெயர், முகவரி, வேண்டுதல் மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். காணிக்கை பெரும்பாலும் 5,000 அல்லது 10,000 யென்னில் தொடங்கும். சின்னக் கோயில்களில் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி நேரம் வாங்குவது அவசியம், கன்னுஷி வேறு கோயிலில் இருக்கலாம்.

உள்ளே அமர்ந்ததும் வெள்ளைக் காகிதக் கீற்றுகள் கட்டிய கோலைத் தலைக்கு மேல் அசைத்துத் தூய்மை செய்வார்கள். அப்போது தலை குனிந்திருக்க வேண்டும். பிறகு உங்கள் பெயரையும் முகவரியையும் சேர்த்து மந்திரம் படிப்பார்கள். கடைசியில் காகிதம் கட்டிய சகாகி மரக் கிளை ஒன்று உங்கள் கைக்கு வரும். தண்டை வலக் கையால் மேலிருந்தும், இலையை இடக் கையால் கீழிருந்தும் பிடித்து வாங்குங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பித் தண்டைத் தன் பக்கம் கொண்டுவந்து வேண்டிக்கொண்டு, இன்னும் திருப்பித் தண்டு சாமியை நோக்கும்படி மேசையில் வையுங்கள். பிறகு இரண்டு, இரண்டு, ஒன்று. திசை தவறினாலும் கன்னுஷி கையால் காட்டிவிடுவார், பதற்றம் வேண்டாம்.

கேள்வி: முத்திரை வாங்கும் புத்தகம் பற்றிச் சொல்லுங்கள். எந்த நோட்டில் வேண்டுமானாலும் வாங்கலாமா?

பதில்: கூடாது. அந்த முத்திரைக்குப் பெயர் 'கொஷுயின்'. சிவப்பு முத்திரை பதித்து, அதன்மேல் தூரிகையால் கோயில் பெயரும் தேதியும் எழுதித் தருவார்கள். வந்து வணங்கியதற்கான அடையாளம் அது, நினைவுப் பொருளாக நினைக்கக் கூடாது. ஆகவே முதலில் கும்பிட்டுவிட்டு அப்புறம்தான் கேட்க வேண்டும். ரயில் நிலைய முத்திரைகள் குத்திய நோட்டை நீட்டினால் மறுப்பார்கள், அது நியாயம்தான். இதற்கென்றே மடிப்புமடிப்பாக விரியும் தடித்த தாள் புத்தகம், 'கொஷுயின்சோ', எழுதுபொருள் கடைகளிலும் பெரிய கோயில்களிலும் கிடைக்கும்.

காணிக்கை பொதுவாக 300 முதல் 500 யென், விழாக்கால வடிவங்களுக்குக் கூடும். சில்லறை சரியாக எடுத்துப் போங்கள், 10,000 யென் தாளை நீட்டாதீர்கள். மேலுறையைக் கழற்றி, எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்து, எழுத்து இருக்க வேண்டிய திசையில் கொடுங்கள். 'கொஷுயின் ஓ இதடகெமாஸ் கா' என்று கேட்டால் போதும். எழுதும்போது பேச்சுக் கொடுக்கவோ படம் எடுக்கவோ கூடாது. வாங்கியதும் மை உறிஞ்சும் தாள் வைத்து மூடுங்கள். உடனே பைக்குள் திணித்தால் எதிர்ப் பக்கத்தில் கறை படியும், இது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கிறது.

அலுவலகம் காலை 9 முதல் மாலை 4 அல்லது 5 மணிவரைதான் இருக்கும். கன்னுஷி இல்லாத நேரத்தில் முன்பே எழுதி வைத்த தாளாகத் தருவார்கள், அதை ஒட்டிக்கொள்ளலாம். ஆளே இல்லாத கோயிலில் எந்தக் கோயிலில் போய்ப் பெறலாம் என்று பலகை சொல்லும். பலகையும் இல்லையென்றால் அங்கே கொஷுயின் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டாதீர்கள்.

கேள்வி: தாயத்து, அதிர்ஷ்டச் சீட்டு?

பதில்: தாயத்து 'ஒமாமோரி'. பையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஓர் ஆண்டு வைத்திருந்து, பெற்ற கோயிலிலேயே பழைய தாயத்துப் பெட்டியில் சேர்ப்பார்கள். முறையாக எரித்துவிடுவார்கள். அதிர்ஷ்டச் சீட்டு 'ஒமிகுஜி', 100 அல்லது 200 யென். கெட்ட பலன் வந்தால் கோயிலில் கட்டிவிட்டுப் போகலாம், நல்லது வந்தால் கையோடு வைத்துக்கொள்ளலாம். அதற்கென்று கம்பி கட்டிய சட்டம் இருக்கும். மரக்கிளையில் கட்டினால் கிளை வளராது. கோயிலில் இவற்றை 'வாங்குகிறேன்' என்று சொல்லமாட்டார்கள், 'பெறுகிறேன்' என்பார்கள். கொடுக்கும் பணத்துக்குப் பெயர் 'ஹட்சுஹோரியோ', அதாவது முதல் நெற்கதிருக்கான காணிக்கை.

வேண்டுதல் எழுதும் மரப்பலகை 'எமா'. அதில் தமிழிலேயே எழுதலாம். வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் முழுமையாக எழுதாதீர்கள், எல்லோரும் படிக்கும் இடத்தில்தான் தொங்கும்.

கேள்வி: படம் எடுக்கலாமா?

பதில்: முன்றிலில் எடுக்கலாம். சன்னிதிக்கு நேர் எதிரே நடுவில் நின்று எடுக்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். மண்டபத்தின் உட்பகுதி, பூஜை நடக்கும் நேரம், கும்பிடுகிறவர்களின் முகம், கேமரா முக்காலி எல்லாம் கூடாது. இரண்டு பேர் நின்றாலே நிறையும் இடத்தில் ஒருவர் ஐந்து நிமிடம் படமெடுத்தால், மதிய இடைவேளையில் கும்பிட வந்த அலுவலகக்காரர் கும்பிடாமலே போவார். முதலில் வணங்கிவிட்டு, ஆள் இல்லாதபோது எடுங்கள்.

கேள்வி: டோக்கியோவில் அரை நாள் இருக்கிறது. சின்னக் கோயில்களாக ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: வார நாளில் காலை 9 மணிக்கு மிட்சுகோஷிமாயே நிலையத்தில் தொடங்குங்கள். வெளியே வந்தால் நிஹொன்பாஷியின் கடைக் கோபுரங்களுக்கு நடுவே ஃபுகுதொகு ஜின்ஜா. இப்போதைய கட்டடம் 2014-இல் எழுந்தது, கோயில் மிகப் பழையது. பட்டை உரிக்காத மரத்தில் செய்த தோரி துளிர்விட்டதைக் கண்டு அன்று நாட்டை ஆண்ட தொகுகாவா குலத்தின் இரண்டாவது ஷோகுன் (படைத்தலைவர்) ஹிதெததா 'துளிர்க்கும் இனாரி' என்று பெயரிட்டதாக மரபு. அந்தக் குலம் ஆண்ட 'எதோ' (Edo) காலத்தில் குலுக்குச் சீட்டு நடத்த அனுமதி பெற்ற கோயில் என்பதால் இன்றும் லாட்டரிச் சீட்டோடு வருவார்கள்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் கால் மணி நேரத்தில் கொஅமி ஜின்ஜா. அளவில் ஒரு வீட்டு முற்றம்தான். 1929-இல் கட்டிய மரக் கட்டடம் 1945 குண்டுவீச்சில் தப்பியது. அதனால் ஆபத்து விலக்கும் சாமி என்ற பேர் நிலைத்துவிட்டது. முகப்பின் இரு பக்கமும் ஏறும் டிராகனும் இறங்கும் டிராகனும் செதுக்கியிருக்கிறார்கள், அண்ணாந்து பாருங்கள். பக்கத்தில் காசு கழுவும் கிணறு உண்டு. கூடையில் காசைப் போட்டு நீர் ஊற்றி, துடைத்துப் பணப்பையில் வைத்துக்கொள்வார்கள். தாள் பணமானால் ஓரத்தை மட்டும் நனையுங்கள். இங்கே வரிசை நீளும். வார இறுதியானால் வரிசை தெருவைத் தாண்டும், அதனால்தான் வார நாள் என்றோம்.

நின்கியோச்சோ நிலையத்தில் ஹிபியா தடத்தில் ஏறி மூன்றாவது நிறுத்தம் ட்சுகிஜி. வெளிச் சந்தையின் கோடியில் நமியொகே இனாரி இருக்கிறது. பெயரின் பொருள் 'அலை தடுப்பவர்'. 1657 பெருந்தீக்குப் பிறகு கடலைத் தூர்த்து நிலம் ஆக்கும்போது கரையை அலை அடித்துக்கொண்டே போனதாம். ஒளிவிட்டு மிதந்து வந்த சாமியை எடுத்து 1659-இல் கோயில் வைத்த பிறகு கடல் அடங்கியதாம். வாசலருகே ஒரு டன் எடையுள்ள பெரிய சிங்கத்தலை இருக்கிறது. ஆனால் நீங்கள் நின்று பார்க்க வேண்டியது முன்றிலின் ஓரத்தில் இருக்கும் கற்களை. மீனுக்கு ஒன்று, இறாலுக்கு ஒன்று, சூஷிக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று. முட்டைக்கல் முட்டை வடிவிலேயே இருக்கும். தாங்கள் கொன்று விற்ற உயிர்களுக்கு வியாபாரிகள் எழுப்பிய நடுகற்கள் இவை. மொத்த விற்பனைச் சந்தை 2018-இல் தொயொசுவுக்குப் போய்விட்டது, கற்கள் அங்கேயே இருக்கின்றன.

பிறகு கின்சாவுக்கு நடந்தே போகலாம். வழியில் கபுகிசா நாடக அரங்கத்தை ஒட்டிக் குட்டி இனாரி ஒன்று உண்டு. காலில் வலு இருந்தால் இன்னொரு நாள் அதாகோ ஜின்ஜா. 1603-இல் தொகுகாவா இயெயாசு ஆணைப்படி எழுந்தது, 26 மீட்டருக்குச் சற்றுக் குறைவான குன்றின்மேல் இருக்கிறது. 86 கல் படி, செங்குத்து, கைப்பிடிச் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். முடியாதவர்களுக்குப் பக்கத்தில் மின்தூக்கி உண்டு.

கேள்வி: கின்சாவில் மாடியில் கோயில் இருக்கிறதாமே? மண்ணில் இல்லாமல் சாமி இருக்கலாமா?

பதில்: அந்தக் கவலை அவர்களுக்கும் இருந்தது. கின்சா 3-ஆம் வட்டத்தில் அசாஹி இனாரி. கும்பிடும் இடம் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்து. மூலக்கோயிலோ அதே கட்டடத்தின் மொட்டைமாடியில். இரண்டுக்கும் நடுவே கட்டடத்தின் ஊடாக ஒரு குழாயை இறக்கி அதில் மண்ணை நிரப்பியிருக்கிறார்கள். சாமி மாடியில் இருந்தாலும் நிலத்தின் மண்ணோடு தொடர்பு அறாது. நிஹொன்பாஷி மிட்சுகோஷி கடையின் மாடியிலும், கின்சா சிக்ஸ் கட்டடத்தின் மாடித் தோட்டத்திலும் கோயில் உண்டு. கடை திறந்திருக்கும் நேரத்தில் மின்தூக்கியில் ஏறிப் போகலாம்.

ககுராசகாவின் அகாகி ஜின்ஜா எடுத்த வழி வேறு. செப்பனிடப் பணமில்லாத நிலையில் தன் நிலத்தின் ஒரு பகுதியை அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 70 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் 2010-இல் கோயிலைப் புதிதாக எழுப்பியது. கட்டடக் கலைஞர் கும கெங்கோ. கண்ணாடிச் சுவர் வைத்த மண்டபம் அது, பழமை விரும்புகிறவர்களுக்கு முதலில் உறுத்தலாம். விற்றுவிட்டுப் போகாமல் அதே இடத்தில் நிற்பதற்குக் கண்ட வழி என்ற வகையில் எங்களுக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

கேள்வி: மழையில் போகலாமா?

பதில்: போகலாம், கூட்டம் குறைவு. பாசி பிடித்த கல்லில் அகலக் காலடி வைக்காதீர்கள். தோரிச் சந்தில் குடையைச் சாய்த்துப் பிடியுங்கள். உண்டியலுக்கு மேலே கூரை நீண்டிருக்கும், அங்கே குடையை மடக்கித் தூணில் சாய்க்காமல் தரையில் வையுங்கள். இரண்டு கையும் வேண்டும் உங்களுக்கு.